இரணைதீவில் வருடம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்களா? அப்பா அங்கே போய் இருக்கப் போகிறேன் என்கிறார்

வவுனியா மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. கிளிநொச்சி மாவட்டத்துக் கடலில் இருக்கிற இரணைதீவில் பிறந்து வளர்ந்தவர். 1992இல் சண்டையால் தீவில் இருந்த எல்லோரும் இடம்பெயர்ந்து எழும்பினபோது அவரும் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, அம்மாவையும் அண்ணாவையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவர். நான் அப்போது அம்மாவின் வயிற்றில். பிறகு தீவுக்கு எதிரே தரையில் இருக்கிற இரணைமாதாநகரில் இருந்தோம். 2008இல் அங்கிருந்தும் எழும்பி, முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் கிடந்து, திரும்பவும் இரணைமாதாநகருக்கே வந்தோம். அம்மா இறந்த பிறகு அப்பாவை வவுனியாவுக்கு என்னோடு கூட்டி வந்துவிட்டேன்.

இங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் சொல்வேன். அவரைக் கேட்டால் வேறு கதை வரும். தினமும் காலையில் மீன் சந்தைக்குப் போகிறார், மீன் வாங்க அல்ல, சண்டை பிடிக்க. "இந்த ஓரா ஐசுக்குள் கிடந்து கண் உள்ளே போய்விட்டது, இதை யாருக்கு விற்கிறாய்" என்று கேட்டுவிட்டு வெறும் பையோடு வருவார். வியாபாரிகள் இவரைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்புகிறார்கள். கடைசியாகத் தீவுக் கோவில் பெருநாளுக்குப் போய் வந்ததில் இருந்து ஒரே பேச்சு: நான் அங்கே போய் இருக்கப் போகிறேன்.

எங்கள் வீட்டில் சுவர் மட்டும் நிற்கிறது. ஒரு கிணறும் சில தென்னையும் உண்டு. பிரான்சில் இருக்கிற அண்ணா "போகட்டும், வீடு கட்டக் காசு அனுப்புகிறேன்" என்கிறார். என் கணவர் "ஒரு கிழமையில் மாமா திரும்பி வந்துவிடுவார், பாரும்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கேள்வி இதுதான். தீவில் நிரந்தரமாக ஆட்கள் இருக்கிறார்களா? ஒரு மச்சானைக் கேட்டால் "நிறையப் பேர்" என்கிறான், இன்னொருவன் "ஒருத்தரும் இல்லை" என்கிறான். இரண்டு பேரும் போய் வந்தவர்கள்தான். தண்ணீர், வெளிச்சம், போன் எப்படி? அப்பாவுக்குப் பிறஷரும் சீனி வருத்தமும் இருக்கிறது, குளிசைதான், ஊசி இல்லை. அங்கே வீடு கட்டுவது புத்தியா?

"அப்பாவைப் பார்க்க விருப்பமில்லையா" என்று கேட்க நினைப்பவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம். அதைக் கேட்க எனக்குச் சொந்தக்காரர் போதும்.


கிளிநொச்சியான்:

தங்கச்சி, அனுப்ப வேண்டாம். பெருநாளுக்குப் போகும்போது ஆயிரம் சனம், சமையல், பாட்டு, பூசை. அடுத்த நாள் படகுகள் திரும்பினதும் காகமும் பனையும்தான். நான் ஒரு வேலையாகப் போய் ஒரு பகல் நின்றேன். கோவிலைச் சுற்றிச் சில கொட்டில்கள், அதில் பாதி பூட்டு. கரண்ட் இல்லை, கடை இல்லை. படம் எடுக்க நல்ல இடம், ஒத்துக்கொள்கிறேன். இரணைமாதாநகரிலேயே கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வீடு போட்டுக் கொடுங்கள். கடலும் ஆச்சு, ஆஸ்பத்திரியும் ஆச்சு.


நண்டுவலைக்காரி:

தங்கச்சி, உன் மச்சான்மார் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவன் மாசியில் போயிருப்பான், மற்றவன் ஆடியில் போயிருப்பான். மேலே எழுதிய அண்ணை போன பகலும் நாங்கள் எல்லோரும் கடலில் நின்ற பகலாக இருக்கும். பூட்டுப் போட்டிருந்த கொட்டிலில் ஒன்று என்னுடையதாகவும் இருக்கலாம். பூட்டு நாய்க்காகத்தான், கள்ளனுக்காக அல்ல.

நானும் அந்த மண்தான். 92இல் பள்ளிக்கூடம் போகிற வயது. 2017 மே 1ஆம் திகதி இரணைமாதாநகரில் கொட்டகை போட்டு உட்கார்ந்தோம், கடற்படை பிடித்து வைத்திருந்த எங்கள் தீவை விடு என்று. வருடம் முடிகிற நேரம் வந்தும் பதில் இல்லை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளை எடுத்துக்கொண்டு நேரே போய் இறங்கிவிட்டோம். கோவிலடியில் படுத்தோம். உன் அப்பாவும் அன்றைக்கு வந்திருப்பார், கேட்டுப் பார். அடுத்த மாதம்தான் இருக்கலாம் என்று அரசாங்கம் சொன்னது. அதில் இருந்து நானும் இவரும் அங்கேயும் இங்கேயும்தான்.

நீ "நிரந்தரம்" என்று கேட்டாய். அங்கே அப்படி ஒரு கணக்கு ஓடுவதில்லை. எங்களுக்கு வீடு இரண்டு. பிள்ளைகள் தரையில், அதாவது இரணைமாதாநகரில், அம்மம்மாவோடு நின்று பள்ளிக்கூடம் போகிறார்கள், வாக்குப் பதிவு தரையில், கூட்டுறவுக் கடை தரையில். தொழில் தீவில். ஞாயிறு பூசை முடிய அரிசி, மா, மண்ணெண்ணெய், குடிக்க நெல்லிக் கிறஷ் ஒரு போத்தல் (இவருக்கு அது இல்லாமல் முடியாது) எல்லாம் ஏற்றிக்கொண்டு போவோம். கிழமைக் கடைசியில் திரும்புவோம். காற்று விட்டால்.

அந்தக் கிழமையையும் நாங்கள் நினைத்தபடி வெட்ட முடியாது. திங்கள், புதன், சனி இரவுகளில் இந்திய இழுவைப் படகுகள் இறங்கும். ராமேஸ்வரம் பக்கத்தில் அவர்களுக்கு அந்த நாட்கள்தான் கடல். அந்த இரவுகளில் வெளிக்கடலில் நண்டுவலை விட்டால் காலையில் மிதவையும் இல்லை, வலையும் இல்லை. ஆகவே மற்ற நாட்களில் வெளியே விடுவோம், அந்த மூன்று நாளும் தீவை ஒட்டிய ஆழமில்லாத கடலோடு நிற்போம். கடலடியை வாரி இழுக்கிற அடிமடி வலையை இலங்கையில் 2017இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். சட்டம் இந்தப் பக்கம் நிற்கிறது, படகு அந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஒருமுறை மீன்பிடித் தடைக்காலம் வரும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். எங்களுக்கு அதுதான் நல்ல காலம் என்று வெளியாட்கள் சொல்வார்கள். ஓம், நல்லதுதான். ஆனால் மே மாதம் நடுவில் சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, எழும்பிவிடும். இழுவைப் படகு இல்லாத 61 நாளில் பாதியைக் காற்று தின்றுவிடும். மிச்சப் பாதிதான் எங்களுக்கு. அந்தச் சித்திரை மாதத்தில் வந்து பார்த்தால் தீவு ஊர்போல இருக்கும். ஒவ்வொரு கொட்டிலிலும் அடுப்புப் புகை, வலை காய்கிறது, பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கரையில் கத்துகிறார்கள். உன் முதல் மச்சான் பார்த்தது அப்படி ஒரு காலம்.

சோளகம் பிடித்தால் புரட்டாதி வரை விட்டு விட்டு அடிக்கும். படகு ஓட்டக்கூடாத நாட்கள் தொடர்ந்து வரும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் தரைக்கு வந்துவிடுவோம். அப்போதும் தீவில் சில வீடுகளில் ஆட்கள் இருப்பார்கள். வயது போன இரண்டு பேராக இருக்கிற வீடுகள், ஆடு வைத்திருக்கிறவர்கள், கரையோடு வலை விடுகிற சில ஆண்கள். எத்தனை பேர் என்று நான் எண்ணிச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு எண்ணினால் வியாழக்கிழமை பிழைக்கும்.

எண்ணிக்கை இப்படி நிற்காமல் ஓடுவதால் எங்களுக்கு வந்த கரைச்சல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் அடக்கம் செய்ய இரணைதீவைத் தெரிவு செய்துவிட்டோம் என்று அரசாங்கம் அறிவித்தது. கொழும்பில் வரைபடத்தைப் பார்த்த யாருக்கோ அது ஆளில்லாத மண் என்று பட்டிருக்கிறது, வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் வீதியில் நின்றோம். செத்தவர்களோடு எங்களுக்கு என்ன கோபம்? பக்கத்து நாச்சிக்குடாவில் முஸ்லிம் சனம் எங்களோடு ஒரே கடலில் தொழில் செய்கிறது. தங்கள் ஆட்களைக் கொண்டுபோய்க் கண்காணாத தீவில் போடுவதை அவர்களும் விரும்பவில்லை. கடைசியில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள்.

பள்ளிக்கூடமும் அதே மாதிரித்தான். பிள்ளைகள் இல்லை, அதனால் பள்ளிக்கூடம் இல்லை என்பார்கள். பள்ளிக்கூடம் இல்லை, அதனால் நாங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோவதில்லை. யார் முதலில் காலை வைப்பது?

சரி, உன் அப்பாவின் விஷயம். அவர் "தீவில் இருக்கப் போகிறேன்" என்றால் நீ "எந்த மாதம்?" என்று கேள். அவருக்குப் பதில் தெரியும். அங்கே பிறந்த மனிதன் ஆனியில் வெளிக்கிட்டுப் போக மாட்டார். தையில் இருந்து சித்திரை வரை தீவு, சோளகத்துக்கு உன்னோடு வவுனியா, மழை கடுமையான கார்த்திகை மார்கழிக்கு இரணைமாதாநகரோ வவுனியாவோ. நாங்கள் எல்லோரும் இருக்கிற இருப்பு இதுதான். அவர் மட்டும் ஏன் பன்னிரண்டு மாதமும் இருந்து காட்ட வேண்டும்?

வீடு கட்ட வேண்டாம். அண்ணாவின் காசு வீண்போகும் என்பதற்காகச் சொல்லவில்லை, சீமெந்து படகில் வருவதால் சொல்கிறேன். ஒவ்வொரு மூட்டையும் தண்ணீர் படாமல் இறக்க வேண்டும், ஒவ்வொரு மூட்டைக்கும் மண்ணெண்ணெய் எரியும். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குப் போனது நினைவிருக்கும். வவுனியாவில் அது விளக்குக்கும் அடுப்புக்கும். எங்களுக்கு என்ஜின் ஓடுவது அதில்தான். அன்றைக்கு நாங்கள் போட்ட கணக்கு எல்லாம் மாறிப் போனது. வீட்டில் ஒருவர் கடலுக்குப் போனால் இன்னொருவர் அவரோடு சேர்ந்து போவது, இரண்டு வீட்டுச் சாமான் ஒரு படகில் போவது எல்லாம் அதற்குப் பிறகுதான் வழக்கமாகியது.

ஆகவே முதலில் கிணறு. உங்கள் வளவுக் கிணற்றில் 92இல் இருந்து என்ன விழுந்து கிடக்கிறதோ யாருக்குத் தெரியும். எங்கள் கிணற்றில் தென்னோலை, மண், ஒரு சைக்கிள் றிம் வந்தது. தீவில் சைக்கிள் யார் வைத்திருந்தது என்று இவர் இப்போதும் யோசிக்கிறார். ஆவணி புரட்டாதியில் தண்ணீர் அடியில் நிற்கும், அப்போது இறைத்துச் சேறு அள்ள வேண்டும். கார்த்திகை மழை விழுந்தால் ஊற்று நல்லாக வரும். கடலுக்கு நடுவில் இருந்தாலும் குடிக்கக்கூடிய தண்ணீர் அது, அளவாக அள்ளும் வரைக்கும். மோட்டர் போட்டு இறைத்தால் உப்பு ஏறிவிடும், வாளிதான் சரி. அதற்குப் பிறகு மலசலகூடம். கூரை கடைசி. நிற்கிற சுவருக்கு மேல் தகரமோ தென்னோலைக் கிடுகோ போட்டால் தையில் இருந்து சித்திரை வரைக்கும் போதும். கிடுகு என்றால் நான் சந்தோஷப்படுவேன், பங்குனி வெயிலில் தகரத்துக்குக் கீழ் இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

வெளிச்சத்துக்குச் சின்ன சோலர் தகடு ஒன்று, ஒரு பல்பு, போன் சார்ஜ். சிக்னல் எல்லா இடமும் எடுக்காது, கோவிலடியில் நின்றால் எடுக்கும். மாலையில் எல்லோரும் அங்கே நின்று பிள்ளைகளோடு கதைப்போம். ஒருவர் வீட்டுக் கணக்குப் பாடம் மற்றவருக்கும் தெரியும்.

அவர் அங்கே என்ன செய்வார் என்று நீ கேட்கவில்லை, ஆனால் அதுதான் முக்கியம். 67 வயதில் வலை இழுக்க வேண்டியதில்லை. பெண்கள் நாங்கள் தண்ணீர் வற்றி நிற்கிற வத்துக் கடலில் இறங்கிக் கடல் அட்டை பொறுக்குவோம். கொண்டுவந்து குடல் எடுத்து, அவித்து, மணலுக்குள் புதைத்து வைத்து, மேல்தோலில் இருக்கிற சுண்ணாம்பு கழன்ற பிறகு எடுத்துக் கழுவித் திரும்ப அவித்து, வெயிலில் காயப்போட வேண்டும். அவியல் கூடினால் வெடிக்கும், குறைந்தால் நாறும். காயும்போது காகமும் நாயும். நாங்கள் கடலில் நிற்கும்போது இந்த அடுப்பையும் பாயையும் பார்க்க ஒரு பொறுமையான ஆள் வேண்டும். எங்கள் பக்கம் இதைச் செய்கிறவர்கள் வயது போன ஆண்கள்தான், பங்கும் கிடைக்கும். நாங்கள் ஒருவரும் அட்டையை வாயில் வைப்பதில்லை, எல்லாம் சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் போகிறது. வலை பொத்தத் தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது. நண்டு கிழித்த வலைக்கு முடிவே இல்லை. சந்தையில் மீன்காரரோடு சண்டை பிடிக்கிற நேரத்துக்கு அவருக்கு வேலை கிடைக்கும்.

ஒன்று மட்டும். தனிக் கொட்டிலில், தனி வளவில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்க விட வேண்டாம். சமையல் எங்களோடு, படுக்கை கோவிலைச் சுற்றி. தன் வளவுக்குப் பகலில் போய் வரட்டும்.


ஓய்வுபெற்ற தாதி:

மகள், நான் இரணைமாதாநகருக்குக் கிட்ட இருக்கிற முழங்காவில் ஊர்ப் பக்கம் நெடுங்காலம் வேலை செய்தவள். நண்டுவலைக்காரி சொன்னதில் மருத்துவம் விடுபட்டிருக்கிறது, அதை நான் சொல்கிறேன்.

பிறஷர் பெரிய விஷயம் இல்லை, குளிசையை ஒழுங்காகப் போட்டால். சீனிக்காரருக்குக் கடலில் ஆபத்து கால்தான். வத்துக் கடலில் வெறுங்காலோடு நடந்தால் சிப்பி வெட்டும், கடல்முள்ளி குத்தும், திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். சீனி கூடினவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், வெட்டினது தெரியாது. மூன்றாம் நாள் வீங்கின பிறகு வருவார்கள். அப்படி வந்த சிலருக்கு விரலை எடுக்க வேண்டி வந்தது. ஆகவே சப்பாத்தோடுதான் கடலில் இறங்க வேண்டும், பழைய கன்வஸ் சப்பாத்து போதும். இரவில் ரோச் லைட் அடித்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், தன்னால் குனிய முடியாவிட்டால் யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போகக்கூடாது. காலையில் தேத்தண்ணியோடு போய்ப் பத்து மணிக்குச் சாப்பிடுகிற பழக்கம் கரையில் எல்லோருக்கும் உண்டு. சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், கதை குழறும். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள், சேட்டுப் பையில் எப்போதும் இரண்டு இனிப்பு இருக்கட்டும்.

வவுனியாவில் கிளினிக் போகிறவர் என்றால் போகமுன் டொக்டரிடம் விஷயத்தைச் சொல்லிக் கூட நாளுக்கு மருந்து தரச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், அதை இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சுக்கு எடுத்தால் வருவார்கள், ஆனால் இறங்குதுறை வரைக்கும்தான். கடலைக் கடப்பது உங்கள் படகுதான். அதனால் நெஞ்சு நோ, கை கால் ஒரு பக்கம் சோர்வது என்றால் "காலையில் பார்ப்போம்" என்று இருக்கவே கூடாது.


மணல்காட்டுப் பிள்ளை:

நான் கௌதாரிமுனை. தீவு இல்லை, தரையோடு ஒட்டின முனைதான், ஆனால் இருக்கிற நிலைமையைப் பார்த்தால் நாங்களும் தீவுதான். யாழ்ப்பாணத்துக் குருநகரில் எரிகிற விளக்கு இரவில் கண்ணுக்குத் தெரியும், பஸ்சில் போவதென்றால் பூநகரிக்கு வந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் சுற்ற வேண்டும். 2011இல் பாலம் திறந்த பிறகு அதுவே பெரிய வசதி.

வாசித்தபோது பொறாமையாக இருந்தது ஒரு விஷயத்தில். கடலுக்கு நடுவில் இருக்கிற உங்களுக்கு நல்ல தண்ணீர். எங்களுக்குக் கோடையில் தண்ணீர் பவுசர் வர வேண்டும். எங்கள் பக்கத்து மண்ணித்தலையில் சோழர் காலத்துச் சிவன் கோவில் ஒன்று பாழடைந்து நிற்கிறது. இந்த மணலுக்குள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று அந்தக் கோவிலைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

என் அப்பாவும் இப்படித்தான், யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டில் இருக்க மாட்டார். நான் மறிப்பதில்லை. ஆனால் அவர் தனியே இல்லை, இரண்டு வீடு தள்ளிச் சித்தப்பா. அது இல்லையென்றால் நானும் விட்டிருக்க மாட்டேன். அதனால் வீட்டை விட, பக்கத்து வீட்டில் யார் என்பதைப் பாருங்கள்.


வவுனியா மகள்:

எல்லோருக்கும் மெத்த நன்றி. இரவு அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கிளிநொச்சி அண்ணை எழுதினதுக்கு "அவனுக்குக் கடல் தெரியாது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார், குறை நினைக்க வேண்டாம். தாதி அம்மா சொன்ன சப்பாத்துக்குத்தான் பெரிய சண்டை. "சப்பாத்துப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கினால் மீன் சிரிக்கும்" என்கிறார். விரல் எடுத்த கதையை இரண்டாம் தரம் வாசித்தேன், பிறகு சத்தம் இல்லை.

"எந்த மாதம்?" என்று கேட்டேன் அக்கா. உடனே "தையில்தான், இப்ப போக எனக்கென்ன பைத்தியமா" என்றார். இவ்வளவு நாளும் நான் நாளைக்கே வெளிக்கிடப் போகிறார் என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாவிடமும் வீடு கட்டும் கதையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம், கிடுகுக்கும் கிணற்றுக்கும் அனுப்புவதாகச் சொன்னார்.

இரண்டு கேள்வி மிச்சம். காணி உறுதி எங்களிடம் இல்லை, 2009இல் பெட்டியோடு போய்விட்டது. கிணறு இறைக்கும்போது யாரும் வந்து கேட்டால் என்ன சொல்வது? மற்றது, அப்பா கேட்கிறார், "அந்தப் பிள்ளை யாருடைய மகள்?" என்று. இங்கே எழுத விருப்பமில்லையென்றால் பரவாயில்லை.


நண்டுவலைக்காரி:

92க்கு முன்னம் கோவில் மணி அடித்தவரின் இரண்டாவது மகள் என்று சொல். எங்கள் வளவு நாவல் மரத்தில் கல் எறிந்து எங்கள் அப்பாவிடம் பேச்சு வாங்கினவர்களில் உன் அப்பாவும் இருந்திருப்பார். கேட்டுப் பார், ஒத்துக்கொள்ள மாட்டார்.

உறுதி தொலைந்தது எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு. பயப்பட வேண்டாம். பதிந்த உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், உறுதி எழுதின வருடமோ நொத்தாரிசின் பெயரோ அப்பாவுக்கு நினைவிருந்தால் தேடுவது சுகம். இன்றைக்கே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வை. எல்லைக்கு நான்கு பக்கமும் யார் வளவு என்பதையும் அவரைக் கொண்டு சொல்வித்து எழுது. அந்த நான்கு பெயர் தெரிந்த ஆட்கள் வர வரக் குறைந்துகொண்டு போகிறார்கள், அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இரணைமாதாநகரில்தான் இருக்கிறார்கள், கையெழுத்து வைப்பார்கள். பிறகு கிராம சேவகரான விதானையாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கலாம். சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

கிணறு இறைக்கப் புரட்டாதிக் கடைசியில் வாருங்கள், காற்று அப்போது தணியும். ஒரு நாள் நேரத்தோடே எங்களுக்கு இதில் எழுதிப் போடு. வவுனியாவில் இருந்து யாழ்ப்பாண பஸ்சில் ஏறி மாங்குளத்தில் இறங்கி, மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம் வழியாக முழங்காவில் வருவதுதான் உங்களுக்குக் கிட்ட. அங்கிருந்து ஓட்டோ. படகு வெள்ளெனவே வெளிக்கிட்டுவிடும், அதனால் முதல் நாள் பின்னேரமே வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள். வாளி, கயிறு எங்களிடம் இருக்கிறது. சேறு அள்ள இரண்டு பேர் வேண்டும், உன் கணவரைக் கூட்டி வா, ஒரு கிழமைக் கதையை அவரே வந்து பார்க்கட்டும். அப்பாவுக்குச் சப்பாத்து, கிளினிக் கொப்பி, இனிப்பு. எல்லோரும் அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள், துறையில் கடற்படை பார்த்துத்தான் விடும்.